ஜூனோ 106: ஊமையாகிப் போன மூன்று குரல்கள்

ஜூனோ 106 என்பது ரோலண்ட் கம்பெனியின் பழைய சிந்தசைசர், மின்சர்க்யூட்டால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டு. அதன் ஆறு குரலில், அதாவது சுரம் எழுப்புகிற ஆறு சர்க்யூட்டில், பழுதான மூன்றில் இரண்டு திரும்ப வந்து இப்போது ஐந்து பாடுகிறது. சித்திரையில் ஆரம்பித்த வேலை இது. நான் இருப்பது மாம்பழக்கூழ் ஆலையில், எலக்ட்ரிக்கல் பராமரிப்பு. கிருஷ்ணகிரியில் சீசன் தொடங்கிவிட்டால் எங்களுக்கு இரவு பகல் தெரியாது, அதனால் நடுவில் மூன்று மாதம் எல்லாம் பிரித்துப் போட்டபடியே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இப்போதுதான் மறுபடி கை வைத்தேன். மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சாமான் என்னுடையது இல்லை. காவேரிப்பட்டணத்தில் ஒரு அண்ணா, எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர், பாலக்கோடு, பர்கூர், ராயக்கோட்டை என்று இந்தச் சுற்றுவட்டாரத் திருவிழா மேடை ஒன்று விடாமல் ஏறியவர். சிங்கப்பூரில் வேலை பார்த்த மச்சான் மூலமாக அப்போதே வரவழைத்த ரோலண்ட் ஜூனோ 106. போர்வை சுற்றி பரண் மேல் வைத்திருந்தார். இருபது வருஷமாக யாரும் தொடவில்லை.

"திறந்து பார்க்கலாமாண்ணா?" என்றேன்.

"பாரு தம்பி. ஆனா ஒண்ணு, விலைக்குக் கேட்டு மட்டும் யாரையும் கூட்டியாந்துடாத."

1984-ல் வந்த மாடல். 61 கட்டை, ஒரே நேரத்தில் ஆறு சுரம், 128 சவுண்டு சேமித்து வைக்கலாம். இதைவிடப் பெரிய பெயரெல்லாம் இருக்கிறது. யமஹா சிஎஸ்-80 ஒன்று, 80 கிலோவுக்கு மேல் எடை, தூக்க நாலு ஆள் வேண்டும். ரோலண்டிலேயே ஜூபிடர்-8, அதைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மும்பையில் சரண்ஜித் சிங் என்ற கலைஞர் அந்த ஜூபிடர்-8, ரோலண்டின் தாள இயந்திரம் டிஆர்-808, பேஸ் ஒலி இயந்திரம் டிபி-303 மூன்றையும் வைத்துக்கொண்டு 1982-ல் ராகங்களை வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார், அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 2010-ல் அது மறுபடி வெளிவந்தபோது வெளிநாட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட்டுப் போனார்கள். அதைப் படித்த நாளில் இருந்துதான் எனக்கு இந்தப் பித்து. ஆனால் வாங்கி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜூனோ அரிதா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் பார்த்தது இது ஒன்றுதான், அது வாசிக்கிற நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேடைக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது என்று அண்ணா சொன்ன காரணம் சரியாகவே இருந்தது. அதற்கு முந்தைய பல சிந்தசைசர்களில் சுருதியை உண்டாக்கும் சர்க்யூட் சூட்டுக்கு நகரும், ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே அரை மணி நேரம் நின்றால் புல்லாங்குழலோடு சேராது. ஜூனோவில் அந்தச் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் ஒன்று பிடித்து வைத்திருக்கிறது, அதனால் அசையாது. அதற்குப் பின்னால் வரும் ஃபில்டரும் (ஒலியின் கூர்மையைக் குறைக்கிற பகுதி) சத்த அளவும் முழுக்க அனலாக், அந்தக் கனிவு அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம் அந்த கோரஸ் பட்டன். அதைப் போட்டவுடன் ஒற்றை சுரம் கூடம் முழுக்க விரிகிறது, லேசான இரைச்சலோடுதான், அந்த இரைச்சலும் சேர்ந்துதான் எனக்குப் பிடிக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் பின்பக்க லேபிளைப் பார்த்தேன், ஏனென்றால் ஜப்பானில் விற்றது 100 வோல்ட், அதை நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது. இது வெளிநாட்டுக்கான மாடல், தப்பித்தோம். கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் டெஸ்ட் மோடு வரும். கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க, எந்தக் குரல் ஒலிக்கிறது என்று டிஸ்ப்ளேயில் எண் காட்டும். இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆறு குரலும் ஆறு தனித்தனி சர்க்யூட், ஆறு பேர் வரிசையில் நிற்கிற மாதிரி, யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பேர் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். ஒன்று, மூன்று, நான்கு நன்றாக இருந்தன. இரண்டு சுத்தமாக ஊமை. ஐந்து வறுகடலை வறுக்கிற மாதிரி படபடத்தது. ஆறு, கையை எடுத்தபிறகும் நிற்காமல் முனகிக்கொண்டே இருந்தது.

ஜூனோ 106 வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் தெரியும். ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற ஐசி ஒன்று, ஃபில்டரும் சத்த அளவும் அதற்குள்தான். உண்மையில் அது தனி ஐசி இல்லை, குட்டி போர்டு ஒன்றின் மேல் சின்னச் சின்ன பாகங்களை வைத்து, மேலே கறுப்பாகப் பாதுகாப்புப் பூச்சு பூசியது. வருஷங்கள் போகப் போக அந்தப் பூச்சே மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கிற பாகங்கள் பல சமயம் நன்றாகவே இருக்கும், மேலே பூசியதுதான் எதிரி. பூச்சை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

ஐசியைக் கழற்றுவதுதான் கஷ்டம். அவசரப்பட்டால் போர்டில் இருக்கிற செம்புத்தடம் கூடவே வந்துவிடும். ஒவ்வொரு காலிலும் முதலில் புது ஈயம் வைத்து, பழசோடு கலந்து உருகியதும் பம்பால் உறிஞ்சினேன், மூன்று ஐசிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் போனது. பிறகு மூன்றையும் கண்ணாடி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை அசிட்டோன் ஊற்றி, மொட்டை மாடியில் நிழலில் வைத்தேன். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு எரிகிற வீட்டுக்குள் வைக்கவே கூடாது. மறுநாள் காலை பார்த்தால் பாதி காலி, ஏனென்றால் மூடிக்குள் இருந்த பிளாஸ்டிக் வளையம் கரைந்து குழகுழவென்று தொங்கியது. மூடியை எறிந்துவிட்டு அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினேன், அது நின்றது.

இரண்டு நாள் ஊறியதும் பூச்சு, வெந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி தளர்ந்துவிட்டது. பல்குச்சியால் ஓரத்தில் இருந்து மெதுவாகத் தள்ளினேன். இரண்டாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் அழகாக உரிந்தன, அடியில் நாற்பது வருஷப் பழைய பாகங்கள் நேற்றுச் செய்தது போல மின்னின. ஆறாவதில் நடுவில் ஒரு இடம் பிடிவாதமாக ஒட்டியிருந்தது, இன்னும் ஒரு நாள் ஊறவிட்டிருக்க வேண்டும், விடவில்லை. குச்சியை அழுத்தினேன், கடுகைவிடச் சின்னதாக ஒரு பாகம் பூச்சோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதைத் தரையில் தேடி ஒரு மணி நேரம். கிடைக்கவே இல்லை.

இதற்குப் பிறகுதான் சீசன், மூன்று மாதம். ஓய்ந்ததும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோடு போய் ஐசியைச் சொருகிக் கழற்ற பேஸாகப் பயன்படுத்த ஹெடர் ஸ்ட்ரிப், புது பேட்டரி, அதற்கு ஒரு ஹோல்டர் வாங்கிவந்தேன். 80017ஏ இப்போது ரோலண்டில் இருந்து புதிதாக வருவதில்லை, அதே அளவில் மாற்று செய்து விற்கிறார்கள், ஆறாம் குரலுக்கு அதில் ஒன்று வழியில் இருக்கிறது.

இரண்டையும் ஐந்தையும் பேஸில் சொருகிவிட்டு சுவிட்சைப் போட்டேன். இரண்டாவது குரல் வந்தது. முதலில் மெல்லிசாக, மற்றவற்றோடு ஒட்டாமல். ஃபில்டரைத் தானாக விசிலடிக்கிற நிலைக்குக் கொண்டுபோய், ஐந்தும் ஒரே சுருதியில் நிற்கும்வரை ஒவ்வொரு குரலுக்கும் உரிய ப்ரீசெட்டை, அதாவது போர்டில் இருக்கிற குட்டித் திருகை, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பக்கத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுக் காதால்தான் செய்தேன்.

இனி கேசட் விஷயம். இந்த இயந்திரம் தன் நினைவில் இருப்பதைச் சாதாரண டேப்பில் பதிந்து வைக்கும், மறுபடி டேப்பில் இருந்து ஏற்றிக்கொள்ளும். உள்ளே இருந்த சிஆர்2032 பேட்டரி எப்போதோ செத்துப்போய் எல்லா சவுண்டும் அழிந்திருந்தது. அண்ணா வீட்டு அலமாரியில் "106" என்று மட்டும் எழுதிய கேசட் ஒன்று இருந்தது, கீச்சென்று கத்துகிற கெட்டுப்போன பாட்டு கேசட் என்று பிள்ளைகள் இரண்டு தடவை தூக்கிப்போடப் பார்த்திருக்கிறார்கள். நண்பனின் டேப் டெக்கில் பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, முதல் வேலையாக கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிட்டேன். பிறகு லோடு. ஒன்றும் ஏறவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ட்ரெபிள் ஏற்றினேன், இரவு பதினொன்றரைக்குத்தான் பின்பக்கம் மெமரி ப்ரொடெக்ட் சுவிட்ச் ஆனில் இருப்பது கண்ணில் பட்டது. அதை ஆஃப் செய்ததும் ஏறிவிட்டது.

போன ஞாயிறு காவேரிப்பட்டணம் கொண்டுபோனேன். அண்ணா உட்கார்ந்து, எண்ணை யோசிக்காமலே பட்டன்களை அமுக்கினார். நாதஸ்வரம். கல்யாண மேடைக்கென்று அவரே ஸ்லைடர் ஸ்லைடராகத் தள்ளிச் செய்த சவுண்டு அது, வேறு எந்த இயந்திரத்திலும் கிடையாது. இடது கை பெண்டரை, சுருதியை வளைக்கிற பிடியை, லேசாக அசைக்க அசைக்க கமகம் விழுந்தது. சமையல்கட்டில் இருந்து அண்ணி கரண்டியோடு வெளியே வந்து நிலைப்படியில் நின்றுவிட்டார்.

"நம்ம பெரியவ கல்யாணத்துல வாசிச்சீங்களே, அதுதான?" என்றார். அண்ணா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தார்.

பாக்கி இருப்பது ஆறாம் குரல், கரகரக்கிற ஃபில்டர் ஸ்லைடர், மேல் ஸ்தாயியில் அழுத்தி அமுக்கினால் மட்டும் பேசுகிற இரண்டு கட்டை. புது பேட்டரியை ஹோல்டரில் போட்டுவிட்டேன், மாற்றிய தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கேசட் பிரதி இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது.