அட்டையில் விழுந்த சொட்டு

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த முதல் நவம்பரில், பக்கத்து வீட்டுப் பெரியவர் என் காரைப் பார்த்துவிட்டு, "இதை இன்னும் தூங்க வைக்கவில்லையா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நன்றாக ஓடுகிற வண்டியை ஐந்து மாதம் மூடி வைப்பதா? அப்பா வெளியூர் போகும்போதுகூட யாரிடமாவது சாவியைக் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். ஓடாத வண்டி கெட்டுப்போகும் என்பது நான் சின்ன வயதிலேயே கற்ற பாடம்.

பெரியவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது பழைய வண்டியின் அடித்தகட்டை அரித்துவிடும். வேலைக்கு ரயிலில்தான் போகிறேன், பிறகு வண்டி எதற்கு உப்பில் நனைய வேண்டும்? சரி, வண்டி ஷெட்டுக்குள் போனது.

ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, ஞாயிறுதோறும் போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் காலையில் வாசலில் அப்பா வண்டியைக் கிளப்புவது போலவே இருக்கும். வண்டிக்கு அது நல்லதில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாகாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி புகைக்குழாயிலும் எண்ணெயிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமும் பாட்டரிக்குத் திரும்பக் கிடைக்காது. சார்ஜ் இறங்கிய பாட்டரி மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும், முழுச் சார்ஜில் இருந்தால் மைனஸ் 50ஐயும் தாங்கும். வசந்தத்தில் என் பாட்டரி செத்துக் கிடந்தது.

இப்போதெல்லாம் முறையாகச் செய்கிறேன். பழைய எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால், மூடுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுவேன். டாங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது எஞ்சின்வரை போய்ச் சேரக் கொஞ்ச தூரம் ஓட்டுவேன். டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைப் போடாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பேன். பாட்டரிக்குச் சின்ன சார்ஜர். எலி நுழையாதபடி புகைக்குழாய் வாயில் இரும்பு நார், எடுக்க மறக்காமல் ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு. கடைசியாக, எஞ்சினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டை.

அந்த அட்டைதான் மூன்றாம் குளிர்காலத்தில் என்னை ஆட்டிவைத்தது. பிப்ரவரியில் ஒருநாள் குனிந்து பார்த்தால் முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புக் கறை. அப்பா எந்தச் சொட்டையும் விரலில் தொட்டு, முகர்ந்து பார்ப்பார். கறுப்பு, பழுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். சிவப்பாக வழுவழுப்பாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய். மஞ்சளாகவோ நிறமே இல்லாமலோ, வழுக்கிக்கொண்டு போனால் பிரேக் திரவம், வண்டியைத் தொடவே கூடாது. வெறும் தண்ணீர் என்றால் ஏசி, பயமில்லை. நானும் தொட்டேன். லேசான இனிப்பு வாடை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்.

முதலில் நினைவுக்கு வந்தது பெரியவர் வீட்டுப் பூனை. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்தில் இருந்தாலும் பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருக்கும். அது இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே பூனையைக் கொன்றுவிடும். அன்றைக்கே எல்லாவற்றையும் துடைத்து, கழுவி, ஷெட்டின் கதவிடுக்கையும் அடைத்தேன்.

மார்ச்சில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "லீக் எதுவும் இல்லையே" என்றார். வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி நின்றதும் மறுபடி சொட்டு. இரண்டாம் முறையும் அதே பதில். என்னை நம்பவில்லையே என்று கோபம் கோபமாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: பட்டறைக்கு ஓட்டிப் போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது! குளிரில் கூலண்ட் போகும் ரப்பர் ஹோஸ் சுருங்கி விறைக்கும், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் பிடி தளரும், இடுக்கில் கசியும். சூடானதும் ரப்பர் விரிந்து கசிவு அடைபட்டுவிடும். மூன்றாம் முறை, வண்டியை ராத்திரி முழுக்கப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். காலையில் அவரே கூப்பிட்டார், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் சொட்டுகிறது என்று. புது ஹோஸ், புது கிளாம்ப், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலண்ட். அந்தக் கலவை மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணீராக இருந்தால் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும்.

இது நாலாவது குளிர்காலம். இந்த ஊர்க் குளிர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். போன வாரம் அப்பா போனில் கேட்டார், "வண்டியை ஸ்டார்ட் பண்ணினியாம்மா?"

"ஏப்ரல் வரைக்கும் எடுக்கக் கூடாதுப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, சும்மா போய் ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டு வா" என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு, போனை வைக்காமலே பனியில் இறங்கிப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்து, அட்டை காய்ந்திருக்கிறது என்று சொன்னேன். "தொட்டுப் பார்த்தியா?" என்றார். தொட்டேன்.