பைத்தான் இன்ஸ்டாலர்ல அந்த ஒரு டிக்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சனிக்கிழமை பசங்களுக்கு பைத்தான்ங்கிற ப்ரோக்ராமிங் மொழி சொல்லித் தர்றோம், எல்லார்கிட்டயும் விண்டோஸ் லேப்டாப்தான். "அண்ணே எதுல டிக் பண்ணணும்?"னுதான் மொத கேள்வியே வரும். பாத்ல (PATH, விண்டோஸ் ஒரு ப்ரோக்ராம தேடிப் பாக்குற ஃபோல்டர் லிஸ்ட்) சேர்க்கவான்னு இன்ஸ்டாலர்ல கீழ ஒரு கட்டம் காலியா இருக்கும், அத கவனிக்காம இன்ஸ்டால் நவ் தட்டிட்டு கமாண்ட் அடிக்கிற கருப்பு ஸ்கிரீன்ல பைத்தான்னு டைப் பண்ணா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பக்கம் வந்து நிக்குது, புள்ளைங்க இன்ஸ்டாலே ஆகலன்னு நெனச்சு திரும்பவும் போடுதுங்க.

காலியா விட்டதுக்கு காரணம் இருக்கு. பழைய வெர்ஷன்ல வேலை ஓடிட்டு இருக்குற மெஷின்ல அந்த பாத் லிஸ்ட மாத்துனா கொழம்பிடும், சரிதான். ஆனா ரெண்டு வெர்ஷன் வச்சிருக்கவருக்கு எத எடுக்கணும்னு தெரியும்லா, டீபால்ட், அதாவது தானா வர்ற செட்டிங், தேவைப்படுறது தெரியாத ஆளுக்குத்தான்.

நல்லதும் இருக்கு. டீபால்ட்டா நம்ம யூசர் ஃபோல்டர்லயே எறங்குது, அட்மின் அனுமதியோட போடவான்னு இருக்குற இன்னொரு டிக்க மட்டும் எடுத்துட்டா பாஸ்வேர்டே கேக்காது, இரவல் லேப்டாப்ல கூட போட்டுக்கலாம். இது எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ரஸ்ட்ங்கிற இன்னொரு ப்ரோக்ராமிங் மொழியோட இன்ஸ்டாலர் ரஸ்ட்அப் பாருங்க, எந்த ஃபோல்டர்ல போடப்போறேன், பாத் லிஸ்ட மாத்தப்போறேன்னு மொதல்லயே எழுதிக் காட்டிடும், சும்மா என்டர் தட்டுனா போதும், வேணாம்னா மாத்திக்கலாம். பைத்தான்லயும், மெஷின்ல வேற பைத்தான் இல்லன்னா அந்த டிக் தானா விழுந்திருக்கணும், இருந்தா மட்டும் கேக்கட்டும். வேற யாராச்சும் க்ளாஸ் எடுக்குறீங்கன்னா உங்க பசங்க எங்க மாட்டுறாங்கன்னு சொல்லுங்க.