வாரம் பெர்சி: கல் போன பிறகும் சுவர் இருக்கிறது

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி கிராமம் 1500 வாக்கில் ஆளில்லாமல் போனது. உழவு நிலம் ஆட்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டது. இன்று அங்கே மிஞ்சியிருப்பவை கூரையில்லாத தேவாலயமும் புல் மூடிய மேடுபள்ளங்களும்தான். 1950இல் வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு தொடங்கி, 1952 முதல் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் சேர்ந்து நடத்திய அகழாய்வு 1990 வரை நீடித்தது. அதில் ஒரு குடியானவர் வீட்டின் தரைக்கு அடியிலிருந்து 12ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த மேனர் மாளிகையின் கீழறை வெளிப்பட்டது. மேனர் என்றால் நிலப்பிரபுவின் இருப்பிடம்.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியதுபோல் கட்டம் கட்டமாக, நடுவே மண்வரப்பு விட்டுத் தோண்டுவது ஆழத்தைப் படிக்க உதவும். ஆனால் இப்படிப்பட்ட ஊரில் வரப்புக்கு அடியிலேயே அறையின் மூலை மறைந்துபோகும். அதனால்தான் இங்கே டென்மார்க் முறைப்படி பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். சரியான முடிவு அது என்றே சொல்வேன்.

இத்தகைய இடத்தில் சுவரே இருக்காது. கல்லை யாரோ பெயர்த்து எடுத்துப் போயிருப்பார்கள். நல்ல கல்தான் போகும், சாந்தை யாரும் சுமப்பதில்லை. ஆகவே சுவர் நின்ற இடத்தில் செங்குத்தான ஓரங்களோடு ஒரு நீள்பள்ளம் இருக்கும். அதற்குள் சாந்துத் தூள், உடைந்த சில்லுக்கல், தளர்ந்த மண். 1 மீட்டர் அகலக் குழியில் இது வெறும் குப்பைக்குழி போலத் தெரியும். மேற்பரப்பைக் கொல்லுறுவால் (கொத்தனார் கரண்டி) சுரண்டித் தண்ணீர் தெளித்தால், ஈரம் காயும்போது நிறம் பிரியும். அந்தச் சில நிமிடங்களுக்குள் படம் எடுத்து, ஓரத்தைக் கோடிட்டுவிட வேண்டும்.

காலக்கணிப்பில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இந்தப் பள்ளத்து மண்ணில் கிடைக்கும் பானை ஓடு, கல்லைப் பெயர்த்த காலத்தைத்தான் சொல்லும். கட்டிய காலம் தெரிய, கடைக்காலுக்கு வெட்டிய குழியின் மண்ணில் கிடைப்பதைப் பார்க்க வேண்டும். அதிலும் எல்லா ஓடுகளிலும் பிந்தியது எதுவோ, அதற்குப் பிறகுதான் கட்டடம். இரண்டு மண்ணையும் ஒரே பையில் போட்டால் வேலை முழுக்க வீண்.

வாரம் பெர்சியில் நிலத்தடியே சுண்ணக்கல். வெயிலிலும் பனியிலும் உடைந்த இயற்கைப் பாறை, சரிந்த சுவர் மாதிரியே கிடக்கும். கல்லைப் புரட்டிப் பாருங்கள்: சாந்து ஒட்டியிருந்தால் சுவர்.

தோண்டும் முன் மின்தடை அளவீடு, அதாவது மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளப்பது, செய்வது நல்லது. 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, மீட்டருக்கு ஒரு அளவு. கல் இருக்கும் இடத்தில் தடை கூடும், ஈரம் தங்கும் பழைய அகழியில் குறையும். பெருமழைக்கு மறுநாள் மட்டும் அளக்காதீர்கள், எங்கும் ஒரே ஈரமாக இருந்து வேறுபாடு மங்கிவிடும்.