சனிக்கிழமை ஏழு மணி, பக்கம் 888

2005 பெப்ரவரியில் லண்டன் வந்து இறங்கினேன். ஈஸ்ற்ஹாமில் அக்கா வீடு. அக்காவும் அத்தானும் வேலைக்குப் போய்விட்டால் கதைப்பதற்கு இருந்தது எட்டு வயது மருமகன் மட்டும்தான். தமிழில் சொன்னால் அவனுக்கு விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்துக்கு அந்த வேகம் பிடிபடவேயில்லை.

மார்ச் 26, சனிக்கிழமை. இரவு ஏழு மணிக்கு ‘டொக்டர் ஹூ’ தொடங்கப்போகிறது, வேற்றுக்கிரகத்து டொக்டர் ஒருவர் காலத்தில் பயணம் செய்கிற பிபிசி தொடர், என்று என்னை இழுத்துக்கொண்டு போய்ச் செற்றியில் இருத்தினான். ரிமோட்டில் 888 என்று அழுத்தினான், அது ரீவியில் வசன எழுத்து வருகிற பக்கம். திரையின் அடியில் ஆங்கில எழுத்துகள் ஓடத் தொடங்கின. “ரீட், மாமா” என்றான். துணிக்கடைப் பொம்மைகள் உயிர்பெற்று நடக்கத் தொடங்கியதும் ஆள் செற்றிக்குப் பின்னால் ஒளிந்துவிட்டான். எனக்கு வாசிக்கவே நேரம் போதவில்லை, பயப்பட எங்கே நேரம். 1989இல் நின்றுபோன தொடர் பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வந்த நாள் அது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். இந்த நாட்டுப் பிள்ளைகள் அறுபதுகளிலிருந்தே இதைச் செற்றிக்குப் பின்னால் ஒளிந்துதான் பார்த்தார்கள் என்று வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எட்டு வயதுக்குப் போய்விட்டது. அவரோடு நான் முதன்முதலில் மனம்விட்டுக் கதைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமைதான் என்னைப் பிடித்துப் போட்டது. தன் கிரகம் போரில் எரிந்துபோய்விட்டது, தன் இனத்தில் மிஞ்சியது தான் ஒருவன்தான் என்று டொக்டர் தன்னோடு பயணம் வருகிற பெண்ணுக்குச் சொல்கிறார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிப்ஸ் சாப்பிடப் போகிறார்கள். அந்த வரியை முழுதாக வாசித்து முடிக்குமுன் எழுத்து மாறிவிட்டது. மருமகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து ஒட்டி இருந்தான்.

பதின்மூன்று வாரம் ஒன்றையும் விடவில்லை. ஜூனில் டொக்டரின் முகம் மாறி வேறொரு நடிகர் வந்தபோது பிள்ளை அழுதுவிட்டான். முதல் டொக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நிலை சரியில்லாமல் விலக, 1966இலேயே கண்டுபிடித்த வழி இது என்பதை நூலகத்துப் புத்தகத்தில் வாசித்துத்தான் அவனைத் தேற்றினேன். ஆங்கிலத்தில் நான் முதன்முதலாக முழுதாக வாசித்து முடித்த புத்தகமும் அதுதான். டொக்டர் பயணம் செய்கிற ‘டார்டிஸ்’ வெளியே பார்த்தால் ஒரு நீலப் பொலிஸ் பெட்டிதான். ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்துக்கு வெளியே நிற்கிற அப்படியொரு பெட்டியைப் பார்க்க ஒருநாள் இருவரும் போனோம். அவன் கதவில் காதை வைத்துக் கேட்டான்.

அந்தப் புத்தகத்தில்தான் இதுவும் இருந்தது: அறுபதுகளில் ஒளிபரப்பான அத்தியாயங்கள் பலவற்றை பிபிசியே அழித்துவிட்டது. ஒளிநாடா விலை கூடிய சாமான். பழையதை அழித்துவிட்டு அதிலேயே புதிதைப் பதிவார்கள். பிலிம் பிரதிகளும் தேவையில்லை என்று கழிக்கப்பட்டன. படம் போனாலும் சத்தம் போகவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் ரேப் றெக்கோடரை ரீவிக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கிழமையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதனால் தொலைந்த அத்தியாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1964இல் வந்த ‘மார்கோ போலோ’ கதையில் ஏழு அத்தியாயமும் இல்லை, ஏழின் குரலும் இருக்கிறது. அதில் ஆறை இயக்கியவர் லக்னோவில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்த வாரிஸ் ஹுசைன். 1963 நவம்பர் 23இல் வந்த முதல் அத்தியாயமும் அவர் இயக்கியதுதான். இதை வாசித்த அன்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

‘மார்கோ போலோ’வின் ஒலி இருக்கிற சிடியை எடுத்து வந்து, விளக்கை அணைத்துவிட்டு, நானும் மருமகனும் கேட்டோம். இருமல், காலடி, மணல்காற்று. யாரோ ஒருவருடைய வீட்டு ஹோலில் பிடித்துவைத்த சத்தம்.

கேட்டு முடிந்ததும் அக்கா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தாள். உள்ளே அம்மாவின் கசற்றுகள். 1993இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. அம்மா லண்டனிலிருந்த மகளுக்குக் கடிதத்தைப் பேசித்தான் அனுப்புவா. கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிட்டால் எப்போதாவது போய்ச் சேரும். அவ குசினி வாசலில் இருந்து பேச, நான் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவேன். டைனமோவிலிருந்து வயர் போய் றெக்கோடரில் ஏறும்.

ஒன்றைப் போட்டோம். அம்மா பேசினா. கோழி கத்தியது. பின்னால் கிர்ரென்று ஒரே சத்தம்.

“டார்டிஸ் மாதிரி இருக்கு” என்றான் மருமகன். தமிழில் சொன்னான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஏன் மாமா அம்மம்மான்ர குரல் இதில கீச்செண்டு போகுது?” என்றான்.

சுற்றுவது குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் மெலிந்து கீச்சிடும்.

“அது எனக்குக் கை உளைஞ்ச இடமடா” என்றேன்.

றீவைண்ட் பண்ணி அந்த இடத்தை மட்டும் திரும்பவும் போட்டான்.