செத்த வீடு என்றொரு இசைத்தட்டு

செப்டெம்பர் 14, 2024

இன்றோடு இருபது ஆண்டுகள். 2004 இல் இதே நாளில்தான் கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு தன் முதல் முழு இசைத்தட்டான ‘ஃபியூனரல்’ஐ வெளியிட்டது. மொன்றியலில் பிறந்து வளர்ந்த மச்சாள் காலையிலேயே அனுப்பிவிட்டாள். முள்ளியவளையில் சோளகம் இன்னும் அடங்கவில்லை. மாமரத்தின் கீழ் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் பத்துப் பாடல்களையும் கேட்டு முடித்தேன்.

பாடல்கள் உருவான காலத்தில் குழுவினரின் வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு. பாடகி ரெஜீன் ஷசாஞின் பாட்டி 2003 இல் போனார். அப்போது குழுவிலிருந்த சகோதரர் இருவரின் தாத்தா, கிற்றார் கலைஞர் அல்வினோ ரே, 2004 பெப்ரவரியில் போனார். அதனால்தான் அந்தப் பெயர். இறுதிச்சடங்கு என்று நான் மொழிபெயர்க்கப்போவதில்லை. எங்கள் ஊரில் அது செத்த வீடு.

செப்டெம்பர் 15

விமர்சனங்களைத் தேடி வாசித்தேன். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 9.7 கொடுத்திருந்தது. மெர்ஜ் என்ற சிறிய நிறுவனம் வெளியிட்ட தட்டு உலகம் சுற்றியது. மறு ஆண்டே பிரித்தானிய ராக் பாடகர் டேவிட் போவி அவர்களோடு மேடையேறிப் பாடினார். புகழ்ந்தவர்களில் பலர் இதைத் துயரத்தை வென்ற இசை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. கடைசிப் பாட்டில் ரெஜீனின் குரல் கிழிந்து மேலே போகிறதே, அதில் எங்கே வெற்றி? ஒப்பாரி சொல்லி அழுதவர்களுக்குத் தெரியும். அழுகை ராகத்துக்குள் வந்துவிட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். துயரம் அப்படியே இருக்கும்.

செப்டெம்பர் 17

நான்கு பாடல்களுக்கு ‘அயல்’ என்றே தலைப்பு. மூன்றாவது அயல் மின்சாரம் போன இரவைப் பற்றியது. 1998 ஜனவரியில் கியூபெக்கில் பனிமழை உறைந்து, கம்பிகள் முறிந்து, ஊர்கள் இருண்டன. அப்போது எனக்கு ஏழு வயது. வன்னியில் எங்களுக்கு எல்லா இரவும் ஜாம் போத்தல் விளக்குத்தான். அண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவான். டைனமோவின் மின்சாரத்தில் கசெற் பாடும். அவன் கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும்.

2009 இல், இறுதிப் போரில், மாத்தளனில் அண்ணன் போனான். பறை இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தோம்.

இந்தப் பாட்டின் மேளம் எனக்குள் எங்கே அடிக்கிறது என்று இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பர் 21

ஜனாதிபதித் தேர்தல். வாக்களித்துவிட்டு வந்தேன். இரவு ஊரடங்கு. எதையும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 22

மச்சாள் பேசினாள். அவளுக்குப் பிடித்தது ‘ஹெய்ட்டி’. ரெஜீனின் பெற்றோர் டுவாலியர் என்ற சர்வாதிகாரியின் ஆட்சிக்குத் தப்பி ஹெய்ட்டியை விட்டு ஓடியவர்கள். தான் வாழாத அந்த நாட்டைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பாடுகிறார். முள்ளியவளையை ஒருமுறையும் பார்த்திராத மச்சாள், “இது என்னுடைய பாட்டு” என்றாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

செப்டெம்பர் 28

அம்மா முற்றத்தில் பனாட்டுக்குப் பனம்பழம் பிசைந்துகொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து சொல்லில்லாமல் குரலெடுக்கும் பாட்டைப் போட்டேன். கை நின்றது.

“எத்தனை பேர் பாடுகிறார்கள்?”

“குழுவே பாடுகிறது அம்மா. செத்தவர்களுக்காக.”

“அண்ணனின் படத்துக்கு முன்னால் வை.”

வைத்தேன். பனங்களி வழியும் கையோடு அம்மா வாசற்படியில் வந்து அமர்ந்தார். பாட்டு முடிந்ததும், “இன்னொரு தரம் போடு” என்றார்.