பெயர் தெரியாத மீன்: தூண்டில்காரன் நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடங்கியது. மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன, சந்தையில் விலை எகிறுகிறது. விடியும் முன்பே நானும் நண்பனும் எண்ணூர் விரைவுசாலை ஓரம், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களில் போய் உட்கார்ந்துவிட்டோம். இரைக்கு இறால்.

கிடைத்த இரண்டு மீனும் எனக்குப் புதுசு. முதலாவது தட்டையானது, பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, சின்ன வாய். நண்பன் தூண்டில் முள்ளைக் கழற்றப் பிடித்தான், முதுகுத் துடுப்பு கட்டைவிரலில் ஏறிவிட்டது. வலி முழங்கை வரை போனதில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஓரா குத்திடுச்சா தம்பி? சுடுதண்ணில கைய வை, எறங்கும்." டீக்கடைக்காரர் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொடுத்தார். தோல் வெந்துவிடாத, தாங்கக்கூடிய சூட்டில் அரை மணி நேரம் வைத்திருந்தான். நன்றாகவே குறைந்தது.

இரண்டாவது மீனுக்குக் குத்தும் முள்ளும் இல்லை, செதிலும் இல்லை. பச்சை முதுகு, வெள்ளிப் பக்கங்கள், வெள்ளை வயிறு. கையில் எடுத்ததும் உருண்டையாக ஊதிக்கொண்டது. வாயில் கிளி மூக்கு மாதிரி மேலே இரண்டு, கீழே இரண்டு பல் தகடுகள். தூண்டில் நரம்பைப் பாதி அறுத்து வைத்திருந்தது. பெரியவர் இந்த முறை எழுந்தே வந்தார். "அது பேத்த. கொழம்புக்கு ஆவாது, வேணாம்."

அதைத் தனி கவரில் கட்டி எடுத்து வந்தேன், படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க.

மே 4, இரவு

பெரியவர் சொன்னது இரண்டுமே சரி. ஓராவின் முதுகில் 13, குதத் துடுப்பில் 7 முட்கள், வயிற்றுத் துடுப்புகளிலும் உண்டு. எல்லாமே நஞ்சு முட்கள். ஆனால் அந்த நஞ்சு புரதம், சூட்டில் கெட்டுப்போகும். வெந்நீர் வேலை செய்தது அதனால்தான். சதையில் நஞ்சு இல்லை. முட்களைக் கத்தரித்துவிட்டால் அருமையான கறி மீன்.

பேத்தை விஷயம் வேறு. அதன் நஞ்சு டெட்ரோடோடாக்சின். ஈரல், சினை, குடல், தோல் இவற்றில் அதிகம், சில வகைகளில் சதையிலும் உண்டு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் கைகால் தளரும், கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். பல பேருக்கு நினைவு மட்டும் தெளிவாகவே இருக்குமாம். அதைப் படித்துவிட்டு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. முறிமருந்து கிடையாது. நஞ்சு இறங்கும் வரை செயற்கை சுவாசம் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் வழி. அதனால் உதடு மரத்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இதே வங்கக்கடலின் மறுகோடியில், பங்களாதேஷில், 2008இல் பேத்தை தின்று 141 பேர் பாதிக்கப்பட்டார்கள். 17 பேர் இறந்தார்கள்.

மே 5, திங்கள்

சித்தி போனில் பேசினார். "நல்லா புளி கரைச்சு ஊத்தி, மஞ்சள் போட்டுக் கொதிக்க விட்டா எந்த விஷமும் முறிஞ்சிடும்டா" என்றார். இந்த நஞ்சுக்கு அது எடுபடாது என்று சொன்னேன். "அப்ப ஈரலை எடுத்துட்டா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பேத்தையில் இரண்டு வகை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். முதுகில் உள்ள பொடி முட்கள் முதுகுத் துடுப்பு வரை போகிறதா, முன்னாலேயே நின்றுவிடுகிறதா என்பதுதான் வித்தியாசம். துடுப்பு வரை போனால் சதையும் நஞ்சு. ஜப்பானில் இதற்கென்று தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள்தான் அறுக்கிறார்கள். நம் அடுப்படியில் அந்த வேலையே வேண்டாம் சித்தி என்றேன். சரி என்றார், அரை மனதாக.

ஓராவைப் பிடித்தவுடனே குடலை எடுத்து ஐஸில் வைத்திருந்தேன். அது பாசி தின்னும் மீன், விட்டால் கறியிலும் கசப்பு ஏறும். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை தடவி வறுத்தோம். வெள்ளைச் சதை, லேசான இனிப்பு. காயம்பட்ட நண்பனுக்கே பெரிய துண்டு.

மே 11, ஞாயிறு

அதே கற்கள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் எங்களுக்கு முன்பே தூண்டில் போட்டிருந்தார்கள். பாலித்தீன் பையில் நாலைந்து பேத்தை. எனக்கு வயிற்றைப் புரட்டியது. இந்தி அரைகுறை. நாக்கைத் தொட்டு, கையை முடமாக்கிக் காட்டி, போனில் படம் எடுத்துக் காட்டினேன். ஒருவனுக்குப் புரிந்தது, மற்ற இரண்டு பேரிடமும் வேகமாக ஏதோ சொன்னான். மூவர் முகமும் மாறிவிட்டது.

தூக்கி எறியப் போனவனைத் தடுத்தேன். அந்தக் கரையில் நாயும் பூனையும் அதிகம். எல்லோருமாக அலை வராத மேட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி மீனைப் புதைத்தோம், மேலே கல்லை வைத்தோம். எங்களுக்குக் கிடைத்திருந்த கீச்சான் மீனில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு தெரியாத மீன் எது மாட்டினாலும் முதலில் பெரியவரிடம் காட்டச் சொல்லி, அவர் உட்காரும் இடத்தையும் காட்டிவிட்டு வந்தேன்.