துரோணரும் திருஷ்டத்யும்னனும்: நாடகப் பிரதிக் குறிப்புகள்

ஜூன் 3
முதலில் பகையின் கணக்கு. துரோணரும் துருபதனும் பரத்வாஜர் ஆசிரமத்தில் கூடப் படித்தவர்கள். அரசனானதும் துருபதன், உதவி கேட்டு வந்த நண்பரை ‘சமமானவர்களுக்குள்தான் நட்பு’ என்று விரட்டிவிடுகிறான். துரோணர் அர்ஜுனனை ஏவி அவனைப் பிடித்துவரச் செய்கிறார். துருபதனின் பாஞ்சால நாட்டில் கங்கைக்கு வடக்கே அகிச்சத்திரம் உள்ள பாதியைத் தான் வைத்துக்கொண்டு, தென்பாதியைத் திருப்பித் தருகிறார். அந்த அவமானத்தில் துருபதன் யாகம் செய்து, துரோணரைக் கொல்லவென்றே ஒரு மகனைப் பெறுகிறான்.

ஆக, திருஷ்டத்யும்னன் சுமப்பது அப்பா எழுதிவைத்த கடன். எந்நேரமும் பல்லைக் கடிக்கும் கோபக்காரனாக அவனை ஆடவிட்டால் இது காணாமல் போகும்.

ஜூன் 4
தன்னைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் துரோணர் அவனை வீட்டுக்கு அழைத்து வந்து அஸ்திர வித்தை கற்பிக்கிறார். மகாபாரதத்தின் ஆதி பர்வம் சொல்லும் காரணம் இரண்டு: விதியைத் தடுக்க முடியாது, தன் புகழுக்குக் குறை வரக்கூடாது. பாசம் அதில் இல்லை. பாடம் எப்படி நடந்தது என்றும் சொல்லவில்லை.

பிரதி சறுக்குவது இங்கேதான். இடைவெளியை நிரப்பப் போய், தூங்கும் மாணவனுக்குப் போர்வை போர்த்தும் குருவை எழுதிவிடுவோம். வேண்டாம். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர் இவர். பாடக் காட்சியில் திருத்தம் மட்டும் இருக்கட்டும்: முழங்கை தாழ்கிறது, மூச்சை முன்னாடியே விடுகிறாய், மறுபடி. ஆறேழு வரி போதும். குறி தப்பினால் குருவுக்கு எரிச்சல் வர வேண்டும். நாளை தன்மேல் பாயப்போகும் அம்பே ஆனாலும் கோணலாகப் போனால் அவருக்குப் பொறுக்காது. இந்த உறவில் அன்பு என்று எதையாவது காட்டியே தீரவேண்டுமானால், அந்த எரிச்சல்தான்.

ஜூன் 8
போரில் 11 முதல் 15ஆம் நாள் வரை துரோணர் கௌரவ சேனாபதி. எதிரே பாண்டவ சேனாபதி அவர் மாணவன் திருஷ்டத்யும்னன். இருவரும் மோதுவதை ஒருமுறை காட்டினால் போதும். 13ஆம் நாளை விடக்கூடாது: அபிமன்யுவை வீழ்த்தும் வழியைக் கர்ணன் கேட்க, முதலில் வில்லை அறு என்று சொல்லித்தருகிறார். அதுவும் ஒரு பாடம்தான். ஜூன் 4 காட்சியின் அதே குரலில் வரட்டும்.

15ஆம் நாள் விடியலில் துரோணர் துருபதனைக் கொல்கிறார். கடன் சொந்தக் காயமாவது இப்போதுதான். நேரம் போதவில்லை என்று இதை வெட்டினால் பின்னால் வரும் வதம் வெறும் கொலைவெறியாகத் தெரியும்.

ஜூன் 15
வதம். வரிசை மாறக்கூடாது: அசுவத்தாமன் என்ற யானை சாகிறது, துரோணரின் மகன் அசுவத்தாமனே செத்ததாக அவர் நம்பும்படி தருமன் பொய் சொல்கிறான், துரோணர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு யோகத்தில் அமர்கிறார், திருஷ்டத்யும்னன் முடியைப் பற்றித் தலையை வாளால் வெட்டுகிறான். கொல்லாதே என்று அர்ஜுனன் கத்துவது வெட்டுக்கு முன்பே கேட்க வேண்டும்.

வீரம் கூட்டலாமே என்று இதைச் சரிசமச் சண்டையாக்கினால் எல்லாம் போயிற்று. குரு கற்றுத்தந்த எதுவும் இங்கே தேவைப்படவில்லை. கண்மூடி உட்கார்ந்த கிழவரை வெட்ட என்ன வித்தை வேண்டும்? அதே மூச்சில், பாண்டவர் பக்கத்து வீரனான சாத்யகியே திருஷ்டத்யும்னனை ஏசுகிற காட்சி. நடுவே மத்தளம் வேண்டாம்.

ஜூன் 16
தூங்குகிற திருஷ்டத்யும்னனை அசுவத்தாமன் உதைத்தே கொல்கிறான். ‘ஆயுதத்தால் கொல்’ என்று கெஞ்சியும் மறுக்கிறான்: குருவைக் கொன்றவனுக்கு நல்லுலகம் கிடையாது. அசுவத்தாமன் புதிதாக வந்து குதித்தவனாகத் தெரியாதிருக்க, பாடக் காட்சியிலேயே அவனை ஒரு ஓரத்தில் நிறுத்த வேண்டும். வசனம் தேவையில்லை.